கரும்பலகையில் பதினோரு கட்டு

எங்கள் தொழிற்சங்கத்தில் எண்ணி முடித்த ஓட்டுச் சீட்டுகளை என் வீட்டில் வைப்பது என்று முடிவு செய்ததற்கு ஒரே காரணம், நான் அதிகம் பேச மாட்டேன் என்பதுதான். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "அந்தத் தங்கச்சி வாயத் தொறந்து நான் பார்த்ததே இல்ல, அது வீட்டுல வைங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன். சீட்டுகளைப் போட்டு அரக்கு வைத்த பிஸ்கட் டின்னை என் கணவர் சைக்கிளின் பின்னால் கட்டி, காஜா பேராங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குக் கொண்டுவந்தார். வழியெல்லாம் கேலி. "திருடன் வந்து கேட்டாலும் நீ இருக்குன்னும் சொல்ல மாட்ட, இல்லன்னும் சொல்ல மாட்ட. சரியான ஆளத்தான் புடிச்சிருக்காங்க."

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்ததற்கு அடுத்த ஆண்டு அது. அப்போது எனக்கு முப்பது வயது. தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்திருந்தேன். ரப்பரைக் கித்தா என்போம். எங்கள் கித்தாக் கம்பெனியில் வேலை செய்த பெண்களில் அவ்வளவு படித்தவள் நான் ஒருத்திதான். அதனால் எழுத்து வேலை எது வந்தாலும் என்னிடம் வந்தது.

புக்கிட் ரம்பாய் பக்கமிருந்து சிறு தோட்டக்காரர்கள் ஈர ரப்பர் ஷீட்டுகளைச் சைக்கிளில் போட்டுக்கொண்டு வருவார்கள். அவற்றைப் புகைக்கூடத்தில் மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். உலர்ந்து வந்ததும் பெண்கள் நாங்கள் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குமிழ் இருக்கிறதா, பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துத் தரம் பிரிப்போம். நாள் முழுவதும் கையைத் தூக்கியே இருப்பதால் சாயங்காலம் சோற்றைப் பிசையக்கூட விரல் மடங்காது.

புகைக்கூடத்தைக் கவனித்துக்கொண்டவரை நான் அண்ணே என்று கூப்பிடுவேன். நாற்பது வயதிருக்கும். நல்ல உயரம். புகையில் நின்று நின்று கண் எப்போதும் சிவந்திருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எத்தனை ஷீட்டு உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது என்று கரித்துண்டால் கதவில் கோடு போட்டே வைத்திருப்பார். கம்பெனி வீட்டில் மனைவியோடு இருந்தார். பிள்ளைகள் இல்லை.

அந்த ஆண்டு அவருக்கு இருந்த ஒரே கவலை குடியுரிமை. மெர்டேக்காவுக்குப் பிறகு ஓராண்டுக்குள் மனுக் கொடுப்பவர்களுக்கு மலாய்ப் பரீட்சை இல்லை என்று சொன்னார்கள். அவர் தமிழ்நாட்டில் பிறந்து சின்ன வயதில் இங்கு வந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் காகிதங்கள் எல்லாம் போய்விட்டன. இத்தனை ஆண்டுகள் இந்த நாட்டில்தான் இருந்தார் என்பதற்குக் கம்பெனிப் பதிவேட்டில் இருந்த பெயரைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. எங்கள் சீன முதலாளியை நாங்கள் தவுக்கே என்போம். தவுக்கே ஒரு கடிதம் கொடுத்தால் போதும். கொடுக்கிறேன் என்று சொல்லியும் இருந்தார். ஆபீஸ் எழுத்தரான கிராணி அதை டைப் அடித்துக் கையெழுத்துக்கு வைக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரத்தில்தான், சங்கத்தில் சேர்ந்தார்கள் என்பதற்காக இரண்டு பெண்களைக் கம்பெனி வேலையை விட்டு நிறுத்தியது. வேலைநிறுத்தம் செய்வதா வேண்டாமா என்று ரகசிய ஓட்டு எடுக்க வேண்டும் என்று சங்கம் முடிவு செய்தது.

"எனக்கு அந்தக் கடுதாசி வர்ற வரைக்கும் ஸ்டிரைக் வேணாம் தங்கச்சி" என்று அவர் என்னிடம் நேராகவே சொன்னார். "ரகசிய ஓட்டுன்றாங்க. எனக்கு என்ன ரகசியம்? வேணாம்னுதான் போடப்போறேன்."

"வேணும்ங்கறது ஜெயிச்சிட்டா என்ன செய்வீங்க அண்ணே?" என்று கேட்டேன்.

"ஜெயிச்சா வாசல்ல போயி நிக்கணும். சங்கத்துல இருந்துக்கிட்டு ஓட்டும் போட்டுட்டு உள்ள போயி வேல செய்ய முடியுமா? அப்புறம் நான் யாரு மூஞ்சியில முழிப்பேன்?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூட அறை ஒன்றில் ஓட்டு நடந்தது. வாசலில் மேசை போட்டு என்னை உட்கார வைத்தார்கள். வருகிறவர்களின் பெயரை நோட்டில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு ஒரு சீட்டுக் கொடுக்க வேண்டும். சீட்டில் மேலே ஒரு வட்டம், கீழே ஒரு பெட்டி. வேலைநிறுத்தம் வேண்டும் என்பவர்கள் வட்டத்திலும் வேண்டாம் என்பவர்கள் பெட்டியிலும் கோடு கிழிக்க வேண்டும். தமிழர், சீனர், நாலைந்து மலாய்க்காரர்கள் என்று எல்லாரும் வந்தார்கள்.

எண்ணும்போது சீட்டை எடுத்துப் பிரித்துக் கூவுவதற்குப் பள்ளிக்கூடத்துக் காவல்காரரை வைத்தார்கள். அவர் செட்டி கம்பத்துக்காரர்; தலைமுறை தலைமுறையாக மலாய் பேசி வாழும் செட்டிகளின் கிராமம் அது. எங்கள் சாமியைத்தான் கும்பிடுவார், ஆனால் தமிழ் பேச வராது. கம்பெனிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்பதால் பொது ஆள். வட்டத்தை "புலாட்!" என்றும் பெட்டியை "கோத்தாக்!" என்றும் மலாயில் கூவினார். அது எல்லாருக்கும் புரிந்தது. கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, வட்டத்தின் பக்கம் நான் எழுதினேன். பெட்டியின் பக்கத்தை, வேலைநிறுத்தம் வேண்டாம் என்பவர்களின் ஆள் ஒருவர்தான் எழுத வேண்டும் என்றார்கள். அந்தப் பக்கத்தில் கோடு போட்டுப் பழக்கம் உள்ளவர் புகைக்கூடத்து அண்ணன்தான். அவரைப் பலகை மேடைக்கு ஏற்றிவிட்டார்கள்.

ஒரு குரலுக்கு ஒரு கோடு. நான் நான்கு கோடு நிறுத்தி, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தேன். பள்ளியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அவரும் கோடுகளை நிறுத்திக் குறுக்கே இழுத்துக்கொண்டே போனார். சாக்பீஸைக் கரித்துண்டு மாதிரி அழுத்திப் பிடித்ததில் அவர் கோடுகள் தடித்து நெருக்கமாக விழுந்தன.

முடிந்ததும் சங்கத் தலைவர் என்னைப் பார்த்து, "கூட்டுங்க தங்கச்சி" என்றார். நான் கட்டுகளை எண்ணினேன். என் பக்கம் பன்னிரண்டு கட்டும் இரண்டு கோடும். அறுபத்திரண்டு. அவர் பக்கம் பதினோரு கட்டும் மூன்று கோடும். ஐம்பத்தெட்டு. அதை நோட்டில் எழுதிக்கொண்டு உரக்கச் சொல்லச் சொன்னார்கள். என் குரல் எழும்பவில்லை. தலைவர் நோட்டை வாங்கி அவரே சொன்னார். நான்கு ஓட்டு வித்தியாசத்தில் வேலைநிறுத்தம்.

அறையில் கைதட்டல் எழுந்தது. புகைக்கூடத்து அண்ணன் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு கரும்பலகையைப் பார்த்தபடி நின்றார். "அம்பத்தெட்டுதானா?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். "படிச்ச புள்ள சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். மறுநாள் பள்ளி இருந்ததால் காவல்காரர் ஈரச் சாக்கால் பலகையைத் துடைத்துவிட்டார். சீட்டுகள் பிஸ்கட் டின்னுக்குள் போய், அரக்கு வைத்து, அன்றே என் வீட்டு அலமாரிக்கு வந்தன.

மறுநாள் காலையில் நோட்டைத் தலைவரிடம் கொடுக்குமுன் பெயர்களை ஒரு முறை எண்ணினேன். நூற்று முப்பத்தொன்று. மறுபடி எண்ணினேன். அதே நூற்று முப்பத்தொன்று. அத்தனை பேர் சீட்டு வாங்கியிருந்தார்கள். பலகையில் நாங்கள் எழுதிய ஓட்டோ இரண்டும் சேர்ந்து நூற்றிருபது. வெற்றுச் சீட்டு ஒன்றுகூட வரவில்லை. பதினோரு ஓட்டு எங்கே?

தலைவரிடம் போனேன். அவர் கம்பெனி வாசலில் மறியலுக்கு நிற்க வேண்டியவர்களுக்கு முறை போட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். நிறுத்தப்பட்ட இரண்டு பெண்களுக்காக அலைந்து அலைந்து அவர் செருப்பு தேய்ந்திருந்தது. நான் மூன்று முறை தொண்டையைச் செருமிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"பதினொண்ணு குறையுது தலைவரே."

"என்னது குறையுது?"

"சீட்டு வாங்கினவங்க அதிகம். பலகையில கம்மி."

அவர் சிரித்தார். "நம்ம ஆளுங்கள ஒங்களுக்குத் தெரியாதா? பாதிப் பேரு சீட்ட மடிச்சு மடியில சொருகிக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பாங்க. கிழவி ஒருத்தி அது என்ன, லாட்டரி சீட்டான்னு கேட்டா. போங்க தங்கச்சி, போயி வாசல்ல நில்லுங்க."

சரி என்று சொல்லிவிட்டேன். அந்தக் கிழவி கேட்டது எனக்கும் ஞாபகம் இருந்தது. அலமாரியைத் திறந்து டின்னை எடுத்துக் கொடுத்து எண்ணச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியது. ஆனால் கைதட்டி முடித்த அத்தனை பேர் முன்னால் நின்று, எண்ணினது தப்பாக இருக்கலாம் என்று எப்படிச் சொல்வது? எண்ணிக் கூட்டியவளும் நானே.

வேலைநிறுத்தம் தொடங்கியது. முதல் வாரம் ஏதோ திருவிழா போல இருந்தது. சீனப் பெண்கள் கஞ்சி காய்ச்சினார்கள். எங்கள் ஆட்கள் பாட்டுப் பாடினார்கள். இரண்டாம் வாரம் பாட்டு நின்றது. காலையில் பெண்கள் கிளேபாங் கடற்கரைக்கு நடந்து போய்ச் சேற்றைத் தோண்டிச் சிப்பி பொறுக்கிக்கொண்டு வந்தோம். கம்பெனி வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாயை அடைத்தார்கள்.

புகைக்கூடத்து அண்ணன் சொன்னபடியே வாசலில் நின்றார். முறை இல்லாத நாளிலும் நின்றார். உயரமான ஆள் என்பதால் கோரிக்கை எழுதிய அட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஒருநாள் கிராணி மாடி ஜன்னலில் கேமராவோடு நின்று படம் எடுத்தார். எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அட்டை கையில் இருந்ததால் அவரால் திரும்ப முடியவில்லை.

"கடுதாசி கேட்டீங்களா அண்ணே?" என்று அன்று கேட்டேன்.

"இந்த அட்டைய புடிச்சிக்கிட்டா கேக்கறது?" என்றார். "ஸ்டிரைக் முடியட்டும். தவுக்கே கோவக்காரர் இல்ல. முடிஞ்சா குடுத்துருவாரு. இன்னும் நாள் இருக்குலா."

அவருடைய மனைவிக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, கொஞ்சம் கஞ்சி எடுத்துக்கொண்டு ஒரு மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணி பாயில் படுத்திருந்தார். அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பலகைச் சுவரில் கரிக்கோடுகள் இருந்தன. வேலைநிறுத்தம் தொடங்கிய நாளிலிருந்து போட்டுவருகிறார் என்று பார்த்ததும் புரிந்தது. மூன்று கட்டு.

ஏதாவது பேச வேண்டுமே என்று, "பதினஞ்சு நாளாயிருச்சு, இல்லண்ணே?" என்றேன்.

"பதினெட்டு" என்றார்.

"மூணு கட்டுதானே இருக்கு? பதினஞ்சுதான்."

"பதினஞ்சுன்னா ஒங்க அண்ணிக்கு இன்னும் மூணு நாளு அரிசி இருந்திருக்குமே. பதினெட்டு தங்கச்சி. ஒரு கழிக்கு ஆறுதானே?"

கழிக்கு ஆறு. புகைக்கூடத்தில் ஒரு மூங்கில் கழியில் ஆறு ஷீட்டு தொங்கும். ஐந்து கோடு நிறுத்தி, ஆறாவதைக் குறுக்கே இழுத்தால் கழி நிறைந்தது என்று அர்த்தம். அவர் வாழ்நாளில் போட்ட கட்டுகள் எல்லாம் அப்படித்தான். நான் கிட்டப் போய் ஒரு கட்டுக்குள் இருந்த கோடுகளை விரல் வைத்து எண்ணினேன். ஐந்து நிற்கிறது, ஒன்று குறுக்கே கிடக்கிறது. என் நோட்டில் அவர் பக்கத்துக்குப் பதினோரு கட்டு என்று எழுதியிருந்தேன். ஒவ்வொரு கட்டிலும் ஒன்றை விட்டிருக்கிறேன். பதினோரு ஓட்டு. ஐம்பத்தெட்டு இல்லை, அறுபத்தொன்பது. வேண்டாம் என்றவர்கள்தான் ஜெயித்திருக்கிறார்கள்.

என் முகத்தைப் பார்த்து, "ஒங்களுக்கும் காய்ச்சலா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டின்னைத் திறந்து பார்க்காமல் எப்படிச் சொல்வது, அரக்கை நானே உடைத்தால் சீட்டை மாற்றினேன் என்பார்களே என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். உண்மையில் தலைவரிடம் இன்னொரு தடவை போய் நிற்கப் பயந்தேன். இரண்டு நாள் அப்படிப் போயிற்று.

மூன்றாம் நாள் தலைவரிடம் சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்தினார்.

"நிச்சயமா தெரியுமா?"

"டின்ன தொறந்து எண்ணினா தெரியும்."

"எண்ணி? இருபது நாளு பட்டினி கெடந்தவங்ககிட்ட போயி, மன்னிச்சுக்குங்க, கணக்கு தப்பாயிருச்சுன்னு சொல்லவா? தவுக்கே கைகொட்டிச் சிரிப்பான். அந்த ரெண்டு பொண்ணுங்க கதி என்ன?"

நான் அழுதுவிட்டேன். "அவங்க வேணாம்னுதான் சொன்னாங்க தலைவரே. அதிகம் பேரு வேணாம்னுதான் சொன்னாங்க."

முறை போட்ட தாளை மடித்து வைத்துவிட்டு, மறுநாள் கூட்டம் போடுவதாகச் சொன்னார். சொன்னபடி செய்தார். இப்போது நினைத்தாலும் அவர்மேல் எனக்கு மரியாதைதான். ஆனால் அன்று மாலையே கம்பெனி வாசலில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வருகிறவர்களுக்கு வேலை உண்டு, கீழே பெயர் உள்ள ஒன்பது பேருக்கு மட்டும் கிடையாது. படத்தில் முகம் தெரிந்த ஒன்பது பேர். அட்டை பிடித்தவர் பெயர் முதலில் இருந்தது.

மறுநாள் அதே பள்ளிக்கூட அறையில் எல்லார் முன்னாலும் அரக்கை உடைத்தார்கள். இந்த முறை பலகையில் எழுதவில்லை. சீட்டுகளைப் பிரித்து, வட்டம் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம் என்று மேசைமேல் பத்துப் பத்தாக அடுக்கினார்கள். வேண்டும் என்றவர்களில் ஒருவரும் வேண்டாம் என்றவர்களில் ஒருவரும் மாற்றி மாற்றி எண்ணினார்கள். வட்டம் அறுபத்திரண்டு. பெட்டி அறுபத்தொன்பது. மொத்தம் நூற்று முப்பத்தொன்று. யாரும் எதையும் மடியில் செருகிக்கொண்டு போகவில்லை. லாட்டரியா என்று கேட்ட கிழவி உட்பட.

அண்ணன் கட்டுக்கு ஆறு கோடு போட்டிருந்தார் என்று தலைவர் விளக்கினார். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்போ யாரு சொல்லிடா நாம ரோட்டுல நின்னோம்?"

இன்னொருவர், "வேணாம்னு சொன்ன ஆளே வேணும்ங்கற மாதிரி எழுதி வெச்சிருக்காரு பாரு" என்றார். சிலர் சிரித்தார்கள். அண்ணன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து, அவர் போட்ட கோடு சரி, நான் கூட்டியதுதான் தப்பு என்று சொன்னேன். சொன்னதாகத்தான் நினைக்கிறேன். பக்கத்தில் இருந்த பெண்ணுக்குக்கூடக் கேட்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

வெள்ளிக்கிழமை எல்லாரும் வேலைக்குப் போனோம், ஒன்பது பேரைத் தவிர. அந்த இரண்டு பெண்களுக்கும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அண்ணன் கிராணியைப் பார்க்கப் போனார். கடிதம் டைப் அடித்துத் தயாராகவே இருந்ததாம். வேலைநிறுத்தத்துக்கு முன்பே அடித்ததாம். தவுக்கே கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். சங்கமும் முதலாளிக்கு எழுதிப் பார்த்தது. பதில் வரவில்லை. அதற்குள் சலுகைக் காலம் முடிந்தது. பிறகு அவர் பரீட்சைக்கும் போனார். மலாய் அவருக்கு நன்றாகவே வரும். ஆனால் இத்தனை ஆண்டுகள் இங்கே இருந்ததற்கு ஆதாரம் என்ன என்று கேட்டபோது கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

கம்பெனி வீட்டைக் காலி செய்துவிட்டு, பாச்சாங் பக்கம் ஒரு கொட்டகையில் இருந்தார்கள். சாலை வேலை, மரம் வெட்டும் வேலை என்று கிடைத்ததைச் செய்தார். பத்தாண்டுக்கு மேல் அப்படியே ஓடியது. பசாரில் பார்த்தால் நின்று பேசுவார். என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை வந்ததில்லை.

பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் வந்தது. அவருக்குப் பெர்மிட் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டுக்குப் போகும் கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, துறைமுகத்துக்குப் பஸ் ஏறும் நிலையத்துக்குப் போனேன். எனக்கும் நாற்பது தாண்டியிருந்தது. அண்ணி ஏற்கெனவே பஸ்ஸுக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவர் கீழே நின்று இரும்புப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"அங்க யாரு இருக்காங்க அண்ணே?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல. இருந்த சித்தப்பாவும் போயிட்டாரு. ஊருல எறங்கி யாரையாவது கேக்கணும், எங்க வீடு எதுன்னு."

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "அண்ணே, பதினோரு ஓட்டு கொறையுதுன்னு எனக்கு மொத நாளே தெரியும். ஸ்டிரைக் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே தெரியும்."

அவர் கயிற்றைப் பிடித்தபடியே நிமிர்ந்தார்.

"கோடு ஆறுன்னுமா தெரியும்?"

"அது தெரியாது. கொறையுதுன்னு மட்டும் தெரியும். தலைவர் ஏதோ சொன்னாரு, நான் சரின்னுட்டேன்."

"டின்னு ஒங்க வீட்டுலதானே இருந்துச்சு?"

"ஆமாண்ணே."

கண்டக்டர் பெட்டியை மேலே ஏற்றச் சொல்லிக் கத்தினார். அண்ணன் ஒரு பக்கம் பிடித்தார். நான் மறுபக்கம் பிடிக்கக் குனிந்தேன். "வேணாம், விடுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கனமான பெட்டி. தனியாகவே தூக்கி ஏற்றினார். பிறகு உள்ளே போய் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவரிடம் ஏதோ சொன்னார். ஜன்னலோரம் இருந்த அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார். பஸ் கிளம்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.